கிளிஞ்சலும் மணலும் போதும்.. ஃபீஸ் வேண்டாம்! யார் இந்த மாண்டிசோரி? அடையாறு ஓலைக் கொட்டகையில் நடந்தது என்ன?

பழவேற்காடு ஏரிக்கரையில் ஒரு மீனவ கிராமம். விடிஞ்சும் விடியாத நேரம். வலை கரைக்கு வந்தாச்சு. அம்மா இறாலைப் பெருசு, சிறுசு எனத் தரம் பிரிக்கிறார். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் குழந்தைக்கு 4 வயது. அதுவும் மணலில் கிடக்கும் கிளிஞ்சல்களைப் பெருசு, சிறுசு என அடுக்கிக்கொண்டிருக்கிறது. மண்ணுல விளையாடாதே என்று யாராவது அதட்டினால் எழுந்துவிடும்.

அதட்ட வேண்டாம், அந்தக் குழந்தை படித்துக்கொண்டிருக்கிறது என்று உலகத்துக்கே புரிய வைத்தவர்தான் மரியா மாண்டிசோரி. இன்று ஊருக்கு ஊர் மழலையர் பள்ளி போர்டுகளில் இவர் பெயர் இருக்கிறது. ஃபீஸைக் கேட்டால் தலை சுற்றும். ஆனால் இவர் முறை பிறந்தது ஏழைகள் குடியிருப்பில். அது இந்தியாவில் வேர் பிடித்தது நம்ம சென்னை அடையாறில், ஓலைக் கொட்டகையில். பழவேற்காட்டிலிருந்து ஏறத்தாழ 2 மணி நேரப் பயணம்தான். அந்தக் கதையைப் பார்க்கலாம்.

டாக்டர் டீச்சரானது எப்படி?

1870 ஆகஸ்ட் 31, இத்தாலியின் கியாரவல்லே ஊரில் பிறந்தார் மரியா. பெண்கள் டாக்டருக்குப் படிப்பதே அபூர்வமாக இருந்த காலம். எதிர்ப்பை மீறிப் படித்து 1896-ல் ரோம் பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பட்டம் வாங்கினார்.

மனவளர்ச்சி குன்றிய குழந்தைகளுக்குச் சிகிச்சை அளிக்கும் வேலை கிடைத்தது. அந்தக் குழந்தைகளை வெறும் அறையில் அடைத்து வைத்திருந்தார்கள். தொட, எடுக்க, உருட்ட ஒரு பொருள்கூட இல்லை. இவர்களுக்குத் தேவை மருந்து மட்டுமல்ல, கைக்கு வேலையும்தான் என்று மரியாவுக்குப் பட்டது. மரத்துண்டு, துணி, வடிவங்கள் என்று கொடுத்துப் பழக்கினார். குழந்தைகள் எழுதப் படிக்கவே கற்றுக்கொண்டார்கள். அப்படியென்றால் மற்ற குழந்தைகளை நம்ம பள்ளிகள் எவ்வளவு பின்னால் வைத்திருக்கின்றன என்ற கேள்வி அவரைத் துரத்தியது.

1907 ஜனவரி 6: முதல் குழந்தைகள் இல்லம்

ரோமில் சான் லொரென்சோ என்ற தொழிலாளர் பகுதி. அப்பா அம்மா இருவரும் விடிந்ததும் வேலைக்குப் போய்விடுவார்கள். சின்னப் பிள்ளைகள் படிக்கட்டிலும் சுவரிலும் கிறுக்கிக்கொண்டு திரிவார்கள். அவர்களைப் பார்த்துக்கொள்ள ஓர் அறை ஒதுக்கி, பொறுப்பை மாண்டிசோரியிடம் கொடுத்தார்கள். சுமார் 50 குழந்தைகள்.

அங்கே அவர் பாடம் நடத்தவில்லை, கவனித்தார். விலை உயர்ந்த பொம்மைகளை ஒதுக்கிவிட்டு, குழந்தைகள் ஒரே மரத்துண்டை ஓட்டைக்குள் பொருத்தி எடுத்து, மறுபடி மறுபடி பொருத்தின. யாரும் பாராட்டவில்லை, மிட்டாய் தரவில்லை. ஆனாலும் விடவில்லை. உப்புத்தாளில் வெட்டிய எழுத்துகளை விரலால் தடவித் தடவி, ஒருநாள் தாங்களாகவே எழுத ஆரம்பித்தார்கள். 1909-ல் இந்த அனுபவம் புத்தகமானது. சில ஆண்டுகளில் உலகம் முழுக்கப் பரவியது.

சொந்த மகனைப் பிரிந்த தாய்

இந்தப் புகழுக்குப் பின்னால் ஒரு வலி இருந்தது. 1898-ல் அவருக்கு மாரியோ என்ற மகன் பிறந்தான். திருமணம் ஆகாத தாய் என்று வெளியே தெரிந்தால் வேலை, படிப்பு எல்லாம் போய்விடும். குழந்தை கிராமத்தில் வேறொரு குடும்பத்திடம் வளர்ந்தான். மாரியோவுக்கு சுமார் 15 வயதான பிறகுதான் அம்மாவுடன் வந்து சேர்ந்தான். அதன் பிறகும் பல ஆண்டுகள் வெளியுலகத்துக்கு அவன் உறவுக்காரப் பையன்தான்.

1930-களில் முசோலினி அரசுடன் மோதல். இத்தாலியை விட்டு வெளியேறினார். ஸ்பெயினில் உள்நாட்டுப் போர் வந்ததும் அங்கிருந்தும் கிளம்பி, நெதர்லாந்து போய்ச் சேர்ந்தார்.

அடையாறில் என்ன நடந்தது?

1939-ல் பிரம்மஞான சபையின் அழைப்பை ஏற்று, மகனுடன் சென்னை வந்தார். அப்போது வயது 69. அடையாறில் கட்டிடம் போதவில்லை. ஓலைக் கொட்டகை போட்டார்கள். இந்தியாவின் பல பகுதிகளிலிருந்து சுமார் 300 பேர் பயிற்சிக்கு வந்தார்கள். அம்மா இத்தாலியில் பேச, மகன் ஆங்கிலத்தில் சொன்னார்.

1940 ஜூனில் இத்தாலி போரில் இறங்கியது. பிரிட்டிஷ் அரசுக்கு இவர்கள் எதிரி நாட்டுக்காரர்கள் ஆகிவிட்டார்கள். மாரியோவை அகமத்நகர் முகாமில் அடைத்தார்கள். மரியா வெளியூர் போகக் கட்டுப்பாடு. மறுபடியும் மகனைப் பிரிந்தார்.

ஆனால் அந்த ஆகஸ்ட் மாதம், அவரது 70-வது பிறந்தநாளுக்குப் பரிசாக அரசு மாரியோவை விடுவித்தது. அந்தத் தந்தியில் மாரியோ அவருடைய மகன் என்றே குறிப்பிடப்பட்டிருந்தார். இத்தனை வருஷம் மறைத்து வைத்த உறவு வெளிப்படையாகப் பேசப்பட்டது நம்ம ஊரில்தான்.

பிறகு கொடைக்கானலில் சுமார் 2 ஆண்டுகள். செடி, பூச்சி, கல், நட்சத்திரம் என எல்லாம் ஒன்றோடொன்று இணைந்தது என்று குழந்தைகளுக்குக் காட்டும் பாடமுறை அங்கே உருவானது. 1946-ல் ஐரோப்பா திரும்பி, 1947-ல் மீண்டும் இந்தியா வந்தார். 1949-ல் விடைபெற்றார். 1952 மே 6, நெதர்லாந்தில் காலமானார்.

சரி, வீட்டில் என்ன பண்ணலாம்?

மாண்டிசோரியின் அடிப்படை ஒன்றுதான்: சின்ன வயதில் கைதான் முதல் ஆசிரியர். பழவேற்காடு பகுதியில் கலங்கிய தண்ணீருக்குள் கையைவிட்டுத் துழாவியே இறால் பிடிக்கும் பெண்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

* கிளிஞ்சல்களை அளவு, நிறம், வழவழப்பு, சொரசொரப்பு வாரியாகப் பிரிக்கச் சொல்லலாம்.
* துணிப்பைக்குள் ஸ்பூன், பனங்கொட்டை, கயிறு போட்டு, பார்க்காமல் தொட்டே பெயர் சொல்ல வைக்கலாம்.
* ஒரே மாதிரி டப்பாக்களில் அரிசி, உளுந்து, மணல் என ரெண்டு ரெண்டாகப் போட்டு மூடி, குலுக்கி ஜோடி சேர்க்கலாம்.
* ஒரு டம்ளரிலிருந்து இன்னொரு டம்ளருக்குத் தண்ணீர் ஊற்றலாம். சிந்தினால் துடைப்பதும் பாடம்தான்.
* ஈர மணலில் விரலால் அ, ஆ எழுதலாம். நம்ம திண்ணைப் பள்ளிகளில் மணலில் எழுதிப் பழகியதும் இப்படித்தானே!

கவனிக்க: வாயில் போடும் வயதுக் குழந்தைகளிடம் சின்னப் பொருள் தரக்கூடாது. உடைந்த கிளிஞ்சல், தூண்டில் முள் எட்டாமல் இருக்கட்டும். வாளித் தண்ணீரோ ஏரிக்கரையோ, தனியாக விடவே கூடாது. குழந்தை தப்பாக அடுக்கினால் உடனே திருத்த வேண்டாம். அதுவே கண்டுபிடிக்கும்.

ஒரு விஷயம். மாண்டிசோரி என்ற பெயரை எந்தப் பள்ளியும் போர்டில் எழுதிக்கொள்ளலாம். அதனால் பெயரை மட்டும் பார்த்துப் பணம் கட்டாதீங்க. உள்ளே போய், குழந்தைகள் கையில் என்ன இருக்கிறது என்று பாருங்க. ஊர் அங்கன்வாடிக்குப் போனாலும் அதையே கேளுங்க. பணம் இல்லாத வீட்டுப் பிள்ளைகளிடமிருந்துதான் மாண்டிசோரி இந்த முறையைக் கற்றுக்கொண்டார். கரையில் கிளிஞ்சல் அடுக்கும் அந்தக் குழந்தைக்கும் அதில் முழு உரிமை உண்டு.