நோயின் இருப்பிடத்தைத் தேடிய பேரறிஞர்: உருடோல்பு விர்ச்சோ

வெங்காயத் தோலின் மெல்லிய துண்டொன்றை நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்து, கலங்களை முதன்முதற் கண்டு வியவாத விஞ்ஞான மாணவர் நம் கல்லூரியில் இலர். தமிழாசிரியராகிய நாமும் ஒருநாள் ஆய்வுகூடத்துட் புகுந்து அக்காட்சியைக் கண்டு மகிழ்ந்ததுண்டு. அத்தகைய சிறு கலத்தினுள்ளேயே மனிதனின் நோயும் தோன்றுகின்றது என்று நிலைநாட்டிய பேரறிஞர் ஒருவரின் வரலாற்றை இவ்விழா மலரின் வாயிலாக மாணவர்க்கு எடுத்துரைக்க விழைகின்றோம். அவரே யேர்மனிய வைத்தியப் பேராசிரியர் உருடோல்பு விர்ச்சோ ஆவார்.

புருசிய நாட்டின் பொமரேனியா மாகாணத்திலே, இன்று போலந்து நாட்டுக்குரியதாய் விளங்கும் ஒரு சிற்றூரில், 1821 ஆம் ஆண்டு ஒக்டோபர் 13 ஆந் திகதி அவர் பிறந்தார். தந்தையார் உழவுத் தொழிலோடு ஊர்ச்சபையின் பொருட்காப்பாளர் கடமையும் பார்த்தவர், பெருஞ்செல்வரல்லர். படை வைத்தியர்களைப் பயிற்றுவதற்கென அரசாங்கம் பேர்லினில் நடத்திய கழகத்திலே இலவசமாகக் கல்வி பயிலும் வாய்ப்பு 1839 இல் மைந்தருக்குக் கிட்டிற்று. 1843 இல் வைத்தியப் பட்டம் பெற்று, பேர்லினிலுள்ள சரிற்றே வைத்தியசாலையிற் பணிபுரியலானார்.

நோய் என்பது யாது, அஃது உடம்பில் எங்கே உறைகின்றது என்னும் வினாவுக்கு அந்நாளிலே தெளிவான விடை இருந்ததில்லை. நம் முன்னோர் வாதம், பித்தம், ஐயம் என வகுத்தாற்போல, ஐரோப்பியரும் உடம்பின் நீர்ப்பொருள்கள் கெடுவதே நோய்க்கு மூலம் எனப் பல நூற்றாண்டுகளாகக் கருதி வந்தனர். வியன்னா நகரிலே ஆயிரக்கணக்கான பிரேதங்களை ஆராய்ந்து புகழ்பெற்ற உறொக்கிற்றான்சுக்கி என்னும் பெரியார்கூட, குருதியின் கலவை கெடுவதே நோய்களுக்கு அடிப்படை என 1846 இல் எழுதினார். இருபத்தைந்து வயதினரான விர்ச்சோ அதற்குச் சான்று யாது என வினவி அவ்வாண்டிலேயே மறுப்பு எழுதினார். உறொக்கிற்றான்சுக்கி சினந்தாரல்லர், தம் நூலின் பிற்பதிப்பில் அக்கொள்கையை விலக்கிக்கொண்டார். இந்நிகழ்ச்சியை மாணவர் மனத்திற் பதித்துக்கொள்வாராக. இதன் பயன் பின்னர் விளங்கும்.

விர்ச்சோ நம்பிய கருவிகள் மூன்று: நோயாளியின் படுக்கை, பிரேத பரிசோதனை மேசை, நுணுக்குக்காட்டி. 1845 இல் இறந்த நோயாளி ஒருவரின் குருதியிலே வெண்கலங்கள் அளவிறந்து பெருகியிருத்தலைக் கண்டு விவரித்தார். இன்று நாம் குருதிப் புற்றுநோய் எனக் கூறும் அந்நோய்க்கு, வெண்குருதி எனப் பொருள்படும் உலூக்கேமியா என்னும் பெயரைச் சூட்டினார். நுரையீரற் குழாய்களை அடைத்துத் திடீர் மரணம் விளைக்கும் குருதிக்கட்டிகள் அங்கேயே உண்டாவன எனப் பலர் எண்ணியிருந்தனர். அவை காலின் நாளங்களில் உறைந்து, பின் பெயர்ந்து, குருதியோட்டத்தோடு மிதந்து சென்று நுரையீரலை அடைவன என்பதை அவர் பிரேத பரிசோதனைகளாலும், நாய்களிற் செய்த சோதனைகளாலும் மெய்ப்பித்தார்.

1848 இன் தொடக்கத்திலே மேற் சைலீசியாவில் தைபசுக் காய்ச்சல் பரவி மக்களை மாய்த்தது. ஆராய்ந்து வருமாறு அரசாங்கம் விர்ச்சோவை அனுப்பிற்று. போலந்து மொழி பேசும் ஏழை உழவர், பசியாலும் நெருக்கமான குடிசைகளாலும் கல்வியின்மையாலும் நலிந்திருத்தலை அவர் கண்டார். மருந்துகளை மட்டும் குறித்து அவர் அறிக்கை எழுதவில்லை. மக்களாட்சி, தாய்மொழியிற் கல்வி, நல்ல வீதிகள், ஏழைகளை வருத்தாத வரி ஆகியனவே அந்நோய்க்கு மருந்தாவன என எழுதினார். அரசாங்கம் இதனை எதிர்பார்க்கவில்லை. அவ்வாண்டு மார்ச்சு மாதம் பேர்லினிற் கிளர்ச்சி மூண்டபோது அவர் மக்கள் பக்கமே நின்றார். அதன் விளைவாகப் பதவிக்கு இடர் நேரவே, 1849 இல் பேர்லினை விட்டு வூர்ஸ்பேர்க் பல்கலைக்கழகம் சென்றார்.

நாடு கடந்தவர்போல் வாழ்ந்த அவ்வேழாண்டுகளே அவருடைய சிந்தனை முதிர்ந்த காலமாயின. தாவரமும் விலங்கும் கலங்களால் ஆயவை என 1838, 1839 ஆம் ஆண்டுகளிலே சிலைடன், சுவான் என்னும் அறிஞர் இருவர் கூறியிருந்தனர். எனினும், உருவமற்ற பாய்பொருளிலிருந்து கலங்கள் தாமாகவே உறைந்து தோன்றும் என்றே பலரும் கருதினர். கலம் ஒவ்வொன்றும் முன்னிருந்த கலத்திலிருந்தே பிறக்கின்றது என விர்ச்சோ 1855 இல் எழுதினார். 1856 இல் பேர்லின் அவரை மீண்டும் அழைத்து, நோயியற் கழகம் ஒன்றையும் அமைத்துக் கொடுத்தது. அங்கு நிகழ்த்திய இருபது விரிவுரைகள் 1858 இல் நூலாக வெளிவந்தன. நோய் வெளியிலிருந்து உடம்பினுட் குடிபுகும் தனிப்பொருளன்று. மாறிய சூழலிலே கலங்கள் நடத்தும் வாழ்வே நோய் என்பது அந்நூலின் சாரம். கலத்திலிருந்தே கலம் பிறக்கும் உண்மையை உறொபேட்டு உறேமாக்கு என்னும் யூத அறிஞர் முன்னரே கண்டிருந்தார் என்பதையும், அவருக்குரிய சிறப்பை விர்ச்சோ தக்கவாறு வழங்கவில்லை என்பதையும் இங்கே மறைத்தல் தகாது.

1859 முதல் இறக்கும்வரை அவர் பேர்லின் மாநகரசபையில் அங்கம் வகித்தார். நகரின் கழிவுநீரை நிலக்கீழ்க் குழாய்வழி அகற்றும் பெருந்திட்டத்திற்கும், இறைச்சியைப் பரிசோதிக்கும் ஒழுங்கிற்கும், பொது வைத்தியசாலைகளுக்கும் அவர் உழைப்பு உறுதுணையாயிற்று. புருசியப் பாராளுமன்றத்திலே அவர் பிசுமாக்கை எதிர்த்து வாதாடினார். 1865 இல் பிசுமாக்கு அவரை இருவர்ப் போருக்கு அழைத்தபோது உடன்பட்டாரல்லர்.

இத்துணைப் பெரியாரும் பிழைபட்டார். காசநோயின் கிருமியைக் கொக்கு என்னும் அறிஞர் 1882 இல் பேர்லினிலேயே எடுத்துக் காட்டியபோது, கிருமிக் கொள்கையை விர்ச்சோ ஐயத்தோடே நோக்கினார். ஒருகாலத்தில் உறொக்கிற்றான்சுக்கி தமக்குக் காட்டிய பெருந்தன்மை, அவருக்கு இங்கே எளிதில் வாய்க்கவில்லை. 1887 இல் முடிக்குரிய இளவரசர் பிரெடரிக்கின் குரல்வளையிலிருந்து கிள்ளியெடுத்த துண்டுகள் அவரிடம் அனுப்பப்பட்டன. அவற்றிலே புற்றுநோயின் குறி இல்லை என அவர் அறிக்கை கொடுத்தார். சத்திரசிகிச்சை கைவிடப்பட்டது. மறுவாண்டு பேரரசராகி 99 நாள் மட்டுமே ஆண்ட பிரெடரிக்கு, குரல்வளைப் புற்றுநோயால் மாண்டார். கண்ணாடியின் கீழ் வைத்த துண்டு கூறும் உண்மை, அத்துண்டினுடைய உண்மையேயன்றி முழு உடம்பினுடையதன்று என்னும் பாடத்தை நோயியல் உலகம் பெருவிலை கொடுத்துக் கற்றது.

1902 சனவரியில், ஓடும் திராம் வண்டியிலிருந்து இறங்குகையில் வீழ்ந்து தொடையென்பு முறிந்த அவர், அவ்வாண்டு செப்தெம்பர் 5 ஆந் திகதி உயிர் நீத்தார். இருபதினாயிரத்திற்கு மேற்பட்ட நோயுற்ற உறுப்புகளைச் சேர்த்து 1899 இல் அவர் திறந்த அரும்பொருட்காட்சிச்சாலையின் பெரும்பகுதி இரண்டாம் உலகப் போரில் அழிந்தது. அவர் வகுத்த நெறி அழியவில்லை. குருதிப் பரிசோதனை அறிக்கைக்காக வைத்தியசாலை வாங்கிலே காத்திருக்கும் நம்மவர் ஒவ்வொருவரும் அந்நெறியின் பயனைத் துய்ப்பவரே.

மாணவர்காள், பெரியோர் கூற்றையும் சான்று கேட்டு ஆராயும் துணிவை இளைய விர்ச்சோவிடம் கற்றுக்கொள்ளுங்கள். இளையோர் சான்று காட்டும்போது தம் கொள்கையை விட்டுக்கொடுக்கும் பண்பை உறொக்கிற்றான்சுக்கியிடம் கற்றுக்கொள்ளுங்கள். இரண்டாவது பாடம் ஆசிரியராகிய நமக்கும் உரியது.