கோட்டில் அடங்கிய உள்ளம்

ஓவியம் என்றதும் குற்றாலத்தார் நெஞ்சில் தோன்றுவது சித்திர சபையே. சுவரெங்கும் தெய்வ உருவங்களும் புராணக் காட்சிகளும் மூலிகை வண்ணத்தில் நிறைந்து விளங்கும் அவை அது. உருவமும் வண்ணமும் நீங்கிய பின்னும் ஓவியத்தில் உணர்ச்சி எஞ்சுமா? இவ்வினாவிற்குத் தம் வாழ்வையே விடையாக்கியவர் நஸ்ரீன் முகமதி.

இவர் 1937இல், பிரிவினைக்கு முற்பட்ட இந்தியாவின் கராச்சி நகரில் பிறந்தார். இளமையிலேயே தாயை இழந்தார். 1944இல் குடும்பம் பம்பாய்க்குப் பெயர்ந்தது. 1954 முதல் 1957 வரை இலண்டன் செயின்ட் மார்ட்டின் கலைப்பள்ளியில் பயின்றார். 1961 முதல் ஈராண்டுகள் பாரிசில் தங்கிக் கற்றார். தந்தையார் வணிகம் நடத்திய பஹ்ரைனின் பாலைவெளியும் கடலோரமும் இவர் உள்ளத்தில் ஆழப் பதிந்தன. பம்பாயில் பூலாபாய் தேசாய் நிலையத்தில் ஓவியம் தீட்டிய நாள்களில், அருவ ஓவியத்தின் முன்னோடியான வி.எஸ். கைதொண்டேயின் நட்பு வாய்த்தது.

தொடக்கத்தில் மையைக் கரைத்துப் பரப்பி மரஞ்செடிகளின் சாயலை வரைந்தார். நாளடைவில் அச்சாயலும் மறைந்தது, வண்ணமும் ஒதுங்கியது. 1972இல் பரோடா மகாராஜா சயாஜிராவ் பல்கலைக்கழக நுண்கலைப் புலத்தில் ஆசிரியரானார். அக்காலத்தே இவர் கைக்கொண்டவை தாள், பென்சில், கறுப்பு மை, கட்டட வரைஞர்க்குரிய வரைபலகை, கோடிடும் பேனா ஆகியனவே. முதலில் கட்டங்களாகப் பின்னிய கோடுகள், பின்னர்ச் சாய்கோடுகளாகிக் காற்றில் மிதப்பன போலாயின. அழுத்தம் மிகுந்தால் கோடு நம்மை நெருங்கும். குறைந்தால் வெண்மையில் கரையும். இவ்வேற்றத்தாழ்விலேயே ஓவியம் மூச்சு விடுகின்றது. பெரும்பாலானவற்றிற்கு இவர் தலைப்பும் இடவில்லை, ஆண்டும் குறிக்கவில்லை. நெசவுத்தறியின் பாவு, பதேபூர் சிக்ரியின் கல்தளம் முதலியவற்றைப் படம்பிடித்தும் வைத்திருந்தார். அந்நிழற்படங்களை வாழ்நாளில் காட்சிக்கு வைக்கவில்லை.

இவருடைய கோடுகளைக் காண்போர் உணர்ச்சியற்றவர் என எண்ணக்கூடும். நாட்குறிப்புகள் அதனை மறுக்கின்றன. தனிமையும் வேதனையும் அமைதிக்கான ஏக்கமும் அவற்றில் ஒளிவின்றி வெளிப்படுகின்றன. எழுதிய வரிகள் பலவற்றை இவரே மைப்பட்டைகளால் மூடியுள்ளார். சொல் மறைந்த இடத்தில் கோடு நிற்கின்றது என்பது கவிஞர்கள் எண்ணத்தக்கது.

பிற்காலத்தில் நரம்பு நோய் இவரைப் பற்றியது. உடலசைவுகள் மெல்லமெல்ல வசமிழந்தன. எனினும் தாளில் விழுந்த கோடுகள் தடுமாறவில்லை. முன்னினும் சில, முன்னினும் நுண்ணியவாயின. கருவிகளின் துணையும் நெடுநாள் பயிற்சியும் கையைத் தாங்கின. நேர்கோடு வரைதல் எளிய செயலன்று, அன்றாடப் போராட்டம் என்பதை இக்காலத்து ஓவியங்கள் உணர்த்துகின்றன.

1990இல் மகாராட்டிரக் கடற்கரையூரான கிஹிமில் மறைந்தார். வாழ்நாளில் ஓவியர் வட்டத்துக்கு அப்பால் மிகுதியும் அறியப்படாத இவருடைய படைப்புகளை, 2015இல் மாட்ரிட் நகரின் ரெய்னா சோபியா அருங்காட்சியகமும், 2016இல் நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகமும் தனிக்காட்சியாக வைத்துப் போற்றின.

மிகையை நீக்குதல் வேறு; உணர்ச்சியை நீக்குதல் வேறு. முன்னதை இவர் இறுதிவரை செய்தார். பின்னதை ஒருநாளும் செய்யவில்லை.