'சர்க்கரை'ன்னு கத்தினா ஊரே ஆடும்! - சல்சா ராணி செலியா குரூஸின் கதை

ஒரு கையில் போன் இருக்கு. இன்னொரு கை சும்மாதானே இருக்கு? அதால் மேசையில் தட்டிப் பாருங்க. கொஞ்சம் இடைவெளி விட்டு மூணு தட்டு. ஒரு சின்ன மூச்சு. அப்புறம் ரெண்டு தட்டு. நிறுத்தாம இதையே திரும்பத் திரும்பத் தட்டுங்க.

நீங்க இப்போ தட்டினதுக்குப் பேர் 'கிளாவே'. ரீல்ஸில் பார்க்கிற சல்சா டான்ஸுக்கெல்லாம் அடியில் ஓடிக்கொண்டிருக்கும் தாளம் இதுதான். கியூபாவில் இதை வாசிக்க ரெண்டு மரக்கட்டைகள் போதும். அந்தக் கட்டைகளுக்கும் கிளாவே என்றே பெயர்.

அப்படி ரெண்டு கட்டைகளைக் கையில் எடுத்துக்கொண்டு ஹவானாவில் ஒரு ரேடியோ ஸ்டேஷனுக்குள் போனார் ஓர் இளம்பெண். பாட்டுப் போட்டி. டேங்கோ பாட்டு ஒன்றைக் கிளாவே தட்டியபடியே பாடினார். ஜெயித்தார். பரிசு... ஒரு கேக்!

அவர்தான் செலியா குரூஸ். பிற்காலத்தில் உலகமே 'சல்சா ராணி' என்று கொண்டாடிய பாடகி. ஆனா, அவரைக் கண்டெடுத்த அதே கியூபாவின் ரேடியோ, பிறகு பல பத்தாண்டுகள் அவர் குரலை ஒலிபரப்பவே இல்லை. அம்மாவின் இறுதிச் சடங்குக்குக்கூட ஊருக்குப் போக முடியாதவர் அவர். அப்படிப்பட்டவர் மேடை ஏறினால் மட்டும் எப்படி எல்லா இடமும் திருவிழா ஆனது? வாங்க, பார்க்கலாம்.

தூங்க வைக்கப் போய்...

1925 அக்டோபர் 21. ஹவானாவின் சாந்தோஸ் சுவாரெஸ் பகுதியில் பிறந்தார் செலியா. அப்பா சிமோன் ரயில்வேயில் இன்ஜினுக்குக் கரி அள்ளிப் போடும் தொழிலாளி. அம்மா கத்தலினா. வீட்டில் கூடப்பிறந்தவர்கள், சித்தி பெரியம்மா பிள்ளைகள் என்று ஒரு பட்டாளமே இருந்தது. சின்னதுகளைப் பாட்டுப் பாடித் தூங்க வைப்பது செலியாவின் வேலை. இவர் பாட ஆரம்பித்தால் பிள்ளைகள் தூங்காது. அக்கம்பக்கத்தவர்கள் வேறு வாசலில் வந்து நின்றுவிடுவார்களாம். வேலை அங்கேயே கெட்டது!

அப்பாவுக்கு மகள் டீச்சராக வேண்டும் என்று ஆசை. பெண் மேடையில் பாடினால் ஊர் தப்பாகப் பேசும் காலம் அது. செலியாவும் ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் சேர்ந்தார். ஆனா, அங்கேயிருந்த ஓர் ஆசிரியையே அவரைத் தனியாகக் கூப்பிட்டு, பாடப் போனால் ஒரு மாசச் சம்பளத்தை ஒரே நாளில் சம்பாதிக்கலாம் என்று சொல்லி அனுப்பினார். அம்மாவும் பக்கபலமாக நின்றார். செலியா ஹவானாவின் இசைக் கல்லூரியில் சேர்ந்தார். எந்த ஸ்டேஷனில் போட்டி நடந்தாலும் போய்ப் பாடினார்.

ஸ்டேஷனுக்கு வந்த திட்டுக் கடிதங்கள்

கியூபாவில் அப்போது டாப்பில் இருந்த குழுக்களில் ஒன்று 'லா சொனோரா மத்தன்சேரா'. ரேடியோ ப்ரோக்ரெசோ ஸ்டேஷனில் லைவாக வாசிப்பார்கள். அதில் பாடிக்கொண்டிருந்த மிர்த்தா சில்வா சொந்த ஊரான போர்ட்டோ ரிக்கோவுக்குத் திரும்பிவிட, 1950-ல் அந்த இடத்துக்கு வந்தார் செலியா.

சந்தோஷமான தொடக்கம் என்றுதானே நினைக்கிறீங்க? இல்லை. பழைய பாடகியின் ரசிகர்கள் கொதித்துப் போனார்கள். இந்தப் பொண்ணு வேண்டாம், இவர் குரல் இந்தக் குழுவுக்குப் பொருந்தவில்லை என்று ஸ்டேஷனுக்குக் கடிதம் மேல் கடிதம் வந்தது. இன்னிக்குக் கமென்ட் பாக்ஸில் நடக்கிறது, அன்னிக்குத் தபாலில் நடந்தது. அவ்வளவுதான் வித்தியாசம்.

குழுவின் தலைவர் ரோஹெலியோ மார்த்தினெஸ் அசரவில்லை. அமெரிக்க ரெக்கார்டு கம்பெனிக்காரர், பெண் பாடும் ரும்பாவை யார் வாங்குவார்கள் என்று தயங்கினார். விற்காவிட்டால் ரெக்கார்டிங் செலவு என் பொறுப்பு என்று சொல்லிவிட்டார் மார்த்தினெஸ். ரெக்கார்டு வந்தது. பிய்த்துக்கொண்டு போனது. திட்டியவர்களுக்குச் செலியா ஒரு வரி பதில்கூட எழுதவில்லை. அடுத்த நாளும் மைக் முன்னால் வந்து நின்றார். அடுத்த வருஷமும் நின்றார். அந்தக் குழுவுடன் அவர் பாடியது 15 வருஷங்கள்!

திரும்பாத பயணம்

1959-ல் கியூபாவில் புரட்சி நடந்து, ஃபிடல் காஸ்ட்ரோ ஆட்சிக்கு வந்தார். 1960 ஜூலை 15 அன்று, மெக்சிகோவில் நிகழ்ச்சிகள் நடத்த சொனோரா மத்தன்சேரா குழு விமானம் ஏறியது. குழு திரும்பவில்லை. புதிய அரசு அவர்களைத் துரோகிகளாகப் பார்த்தது. செலியாவுக்குத் தன் நாட்டுக் கதவு சாத்தப்பட்டது.

அம்மா கத்தலினாவுக்குப் புற்றுநோய். 1962 ஏப்ரலில் அவர் இறந்தார். கடைசியாக ஒருமுறை முகம் பார்க்க அனுமதி கேட்டார் செலியா. கிடைக்கவில்லை. அந்தச் செய்தி அவருக்குத் தெரியவந்தது நியூயார்க்கில். அன்று அவருக்கு நிகழ்ச்சி இருந்தது. மேடை ஏறிப் பாடினார்.

இதைப் படிக்கும்போது நமக்கே தொண்டை அடைக்கும். ஆனா, அவர் மேடையில் அழுது பாடுகிறவராக மாறிவிடவில்லை. அழுகையை மேடைக்குப் பின்னால் வைத்துக்கொண்டார். டிக்கெட் வாங்கி உட்கார்ந்திருக்கும் கூட்டத்தில் பாதிப்பேர் தன்னைப் போலவே ஊரை விட்டு வந்தவர்கள் என்பது அவருக்குத் தெரியும்.

அந்த வருஷ ஜூலை 14 அன்று, அதே குழுவில் டிரம்பெட் வாசித்த பெட்ரோ நைட்டைத் திருமணம் செய்துகொண்டார். பிறகு பெட்ரோ டிரம்பெட்டை ஓரமாக வைத்துவிட்டு, மனைவியின் மேனேஜராக ஆனார். மனைவி பாட, கணவர் கூடவே போய்ப் பார்த்துக்கொண்டார். 1960-களில் இது எத்தனை வீட்டில் நடந்திருக்கும், யோசிச்சுப் பாருங்க!

சாஸ் மாதிரி ஒரு இசை

அமெரிக்காவில் எல்லாம் சுலபமாக நடந்துவிடவில்லை. டிரம் கலைஞர் டிட்டோ புவென்டேவுடன் சேர்ந்து ஆல்பங்கள் போட்டார், பெரிசா விற்கவில்லை. இளசுகள் ராக் பக்கம் போய்க்கொண்டிருந்தார்கள். செலியா பாடுவது அப்பா அம்மா காலத்துப் பாட்டு என்று ஒதுக்கினார்கள்.

இதற்கிடையே நியூயார்க்கின் கிழக்கு ஹார்லெம், பிராங்ஸ் தெருக்களில் வேறொரு சமையல் நடந்துகொண்டிருந்தது. கியூபாவின் 'சோன்', 'மாம்போ', போர்ட்டோ ரிக்கோவின் 'பொம்பா', 'ப்ளேனா', அமெரிக்காவின் ஜாஸ்... எல்லாவற்றையும் ஒரே சட்டியில் போட்டுக் கிண்டினார்கள் குடியேறிய வீட்டுப் பிள்ளைகள். அந்தக் கலவைக்கு ஒட்டிக்கொண்ட பெயர்தான் சல்சா. ஸ்பானிஷில் சாஸ் என்று அர்த்தம். டொமினிகன் குடியரசில் பிறந்த ஜானி பச்செகோவும் வழக்கறிஞர் ஜெர்ரி மசூச்சியும் 1964-ல் 'ஃபானியா' என்ற ரெக்கார்டு கம்பெனியைத் தொடங்கி, ஆரம்பத்தில் கார் டிக்கியில் வைத்து ரெக்கார்டு விற்றார்கள்.

1974-ல் பச்செகோவும் செலியாவும் சேர்ந்து 'செலியா அண்ட் ஜானி' ஆல்பத்தை வெளியிட்டார்கள். அதில் முதல் பாட்டு 'கிம்பரா'. பீரங்கியில் இருந்து சொற்கள் வெளியே வருகிற மாதிரி இருக்கும். தாளம் ஓடும், அதைத் துரத்தி நாக்கு ஓடும். ஒதுக்கிய அதே இளைஞர்கள் எழுந்து ஆடினார்கள். அப்போது செலியாவுக்கு வயது 48.

அதே வருஷம் செப்டம்பரில், ஆப்பிரிக்காவின் கின்ஷாசா நகரத்தில் பிரமாண்டமான இசை விழா நடந்தது. முகமது அலி - ஜார்ஜ் ஃபோர்மேன் குத்துச்சண்டையை ஒட்டி நடந்த விழா. ஆண்களே நிறைந்த ஃபானியா குழுவுக்கு நடுவில் நின்று பாடினார் செலியா. எதிரில் இருந்த பெரும்பாலானவர்களுக்கு ஸ்பானிஷ் தெரியாது. ஆனா, தாளம் தெரியும். அது அங்கேயிருந்து அடிமைக் கப்பல்களில் கியூபாவுக்குப் போன தாளத்தின் பேத்திதானே!

ஒரு காபியில் பிறந்த கோஷம்

செலியாவின் வீடியோ எதைப் பார்த்தாலும் நடுவில் ஒரு சத்தம் கேட்கும்: 'அசூகார்'. சர்க்கரை என்று அர்த்தம். மயாமியில் ஒரு ஹோட்டலில் காபி சொன்னபோது, சர்க்கரை போடலாமா என்று சர்வர் கேட்டிருக்கிறார். கியூபாக்காரியைப் பார்த்துக் கேட்கிற கேள்வியா இது என்று இவர் கலாய்த்திருக்கிறார். இந்தக் கதையை மேடைக்கு மேடை சொல்லப்போய், கடைசியில் கதை உதிர்ந்து அந்த ஒரு சொல் மட்டும் நின்றுவிட்டது.

ஜாலியான சொல்தான். ஆனா, கியூபாவின் கரும்புத் தோட்டங்களில் சர்க்கரைக்காக உழைத்தவர்கள் ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்து வரப்பட்ட அடிமைகள். அங்கே அடிமைமுறை ஒழிந்தது 1886-ல்தான். செலியா பிறப்பதற்கு 39 வருஷம் முன்பு. ஒரு கறுப்பினப் பெண் நடுமேடையில் நின்று அந்தச் சொல்லைக் கொண்டாட்டமாகக் கத்துகிறார் என்பதை மனதில் வைத்து மறுபடி கேளுங்க. வேற மாதிரி கேட்கும்.

வேலி ஓரத்து மண்

அமெரிக்காவில் 40 வருஷத்துக்கு மேல் வாழ்ந்தும், செலியா பாடியது ஸ்பானிஷில்தான். கலர் கலரான விக், தரையைக் கூட்டும் கவுன், குதிகால் இல்லாததுபோலத் தெரியும் விசித்திரமான ஹை ஹீல்ஸ் என்று மேடையில் அவர் ஒரு நடமாடும் தேர். அந்த ஹீல்ஸில் ஒரு ஜோடி இன்று வாஷிங்டனின் ஸ்மித்சோனியன் மியூசியத்தில் இருக்கிறது.

கியூபாவில் மட்டும் அவர் பாட்டு ரேடியோவில் கிடையாது. கேட்க நினைத்தவர்கள் கைமாறி வந்த கேசட்டில் சத்தத்தைக் குறைத்து வைத்துக் கேட்டார்கள்.

1990-ல் ஒரே ஒருமுறை அந்தத் தீவில் அவர் கால் பட்டது. கியூபாவுக்குள்ளேயே அமெரிக்கா வைத்திருக்கும் குவாந்தானமோ கடற்படைத் தளத்தில் நிகழ்ச்சி. பாடிவிட்டு, வேலி ஓரம் போனார். ஒரு கைப்பிடி மண் அள்ளிப் பையில் போட்டுக்கொண்டார். 30 வருஷத்துக்குப் பிறகு சொந்த மண்ணிலிருந்து அவர் எடுத்து வர முடிந்தது அவ்வளவுதான்.

1998-ல், 70 வயதைத் தாண்டிய பிறகு, 'லா வீடா எஸ் உன் கார்னவால்' வந்தது. வாழ்க்கை ஒரு திருவிழா என்று பொருள். வேறு யாராவது பாடியிருந்தால் சும்மா மோட்டிவேஷன் என்று கடந்து போயிருக்கலாம். இவர் பாடினால் அப்படிக் கடக்க முடியாது. 2001-ல் ஹிப் ஹாப் கலந்து 'லா நெக்ரா டியனே தும்பாவ்' பாட்டைக் கொடுத்தார். 2002 கடைசியில் மூளைக் கட்டிக்கு ஆபரேஷன். அதற்குப் பிறகும் ஸ்டூடியோவுக்குப் போய் ஓர் ஆல்பத்தைப் பாடி முடித்தார். 2003 ஜூலை 16 அன்று நியூ ஜெர்சி வீட்டில், 77 வயதில் மறைந்தார்.

முதலில் மயாமி, பிறகு நியூயார்க் என்று இரண்டு ஊர்களில் அவரது உடல் அஞ்சலிக்கு வைக்கப்பட்டது. பல்லாயிரம் பேர் வெயிலிலும் மழையிலும் வரிசையில் நின்றார்கள். பிராங்ஸில் அடக்கம் செய்தபோது, குவாந்தானமோ வேலி ஓரம் அள்ளிய அந்த மண்ணும் அவரோடு சவப்பெட்டிக்குள் போனது. 2024-ல் அமெரிக்கா வெளியிட்ட 25 சென்ட் நாணயம் ஒன்றில் செலியா சிரிக்கிறார். பக்கத்திலேயே 'அசூகார்' என்று பொறித்திருக்கிறார்கள்.

இன்னிக்கு நைட் ஹெட்போன் மாட்டும்போது ஒண்ணு பண்ணுங்க. முதலில் சொனோரா மத்தன்சேராவோட அவர் பாடிய ஒரு பழைய பாட்டு. அடுத்து 'கிம்பரா', கின்ஷாசா வீடியோவாக. கடைசியில் 'லா வீடா எஸ் உன் கார்னவால்'. மொழி புரியலைன்னு ஸ்கிப் பண்ணிடாதீங்க. மூணு தட்டு, சின்ன மூச்சு, ரெண்டு தட்டு... அதைப் பிடிச்சுக்கிட்டா போதும். மீதியைச் செலியா பார்த்துக்குவார்.