துர்க்காதாஸ் ராதோர்

ராதோர் குலத்து ரஜபுத்திரர்கள் ஆண்ட நாடு மார்வார். அக்குலத்தவரான ராவ் ஜோதா 1459-ம் வருஷத்தில் ஜோத்பூர் நகரை நிர்மாணித்தார். அவருக்குப் பின் அச்சிம்மாசனத்தில் அமர்ந்த மன்னர் பலர். எனினும், அக்குலத்துக்கு அழியாப் புகழ் தேடித் தந்தவர் முடி சூடியவரல்லர். பிறனொருவனுக்காக அம்முடியைக் காத்து நின்ற துர்க்காதாஸரே யாவர்.

1638-ம் வருஷத்தில் பிறந்த துர்க்காதாஸர், மார்வார் மந்திரிகளில் ஒருவரான அஸ்கரணின் புதல்வர். மகாராஜா ஜஸ்வந்த் சிங் மொகலாயப் பேரரசின் சேனாதிபதியாகக் கைபர் கணவாயின் வாயிலிலுள்ள ஜம்ரூதில் காவல் புரிந்துவந்தார். 1678-ம் வருஷக் கடைசியில் அவர் அங்கேயே காலமானார். அப்பொழுது அவருக்கு வாரிசு இல்லை. சக்கரவர்த்தி ஔரங்கசீப் மார்வாரைத் தமது நேர் ஆட்சிக்குள் கொண்டுவந்தார். 1679 பிப்ரவரியில் லாகூரில் ஜஸ்வந்த் சிங்கின் ராணிகள் இருவர் இரு மைந்தர்களைப் பெற்றனர். ஒன்று விரைவில் இறந்தது. எஞ்சிய சிசுவே அஜித் சிங்.

அக்குழந்தையின் உரிமையைச் சக்கரவர்த்தி ஏற்கவில்லை. 36 லட்சம் ரூபாய் காணிக்கை பேசி, ஜோத்பூரை இந்திர சிங்குக்கு அளித்தார். இந்த இந்திர சிங்கும் ஒரு ராதோரே! குலத்தின் உரிமையைப் பறிக்கக் குலத்தானே விலை பேசினான். பிறர் பகையினும் தம்முள் பிளவே ரஜபுத்திரர்களைப் பலமுறை வீழ்த்தியது என்பதற்கு வேறு சான்றும் வேண்டுமோ?

குழந்தையை அரண்மனையில் ஒப்படைக்கும்படி ஆணை பிறந்தது. 1679 ஜூலையில் டில்லியில் ராதோர்கள் தங்கியிருந்த மாளிகையை மொகலாயச் சைனியம் சூழ்ந்தது. ஒருசிலர் வாயிலில் நின்று பொருது மடிந்தனர். அந்த இடைவேளையில் துர்க்காதாஸர் குழந்தையோடு மார்வார் நோக்கி விரைந்தார். அன்று மூண்ட யுத்தம் ஏறக்குறைய முப்பது வருஷம் நீடித்தது. நகரங்கள் பகைவர் கையிலிருந்தன. பாலைவனமும் மலைகளும் ராதோர்கள் கையிலிருந்தன.

1681-ல் ஔரங்கசீபின் குமாரர் அக்பர் தந்தைக்கு எதிராக எழுந்து ராதோர்களோடு சேர்ந்தார். சக்கரவர்த்தி பொய்க் கடிதமொன்றை ராதோர்கள் கையில் அகப்படச் செய்து அவர்களைப் பிரித்தார். சூழ்ச்சியை உணர்ந்ததும் துர்க்காதாஸர், நிராதரவாய் நின்ற இளவரசரை மொகலாயச் சைனியங்களின் ஊடே தக்காணத்துக்கு அழைத்துச் சென்று, சாம்பாஜியிடம் சேர்ப்பித்தார். அடைக்கலம் புகுந்தவனைக் கைவிடலாகாது என்பது அவரது விரதம்.

அக்பர் விட்டுச்சென்ற மகளும் மகனும் ராதோர்களின் பாதுகாப்பில் வளர்ந்தனர். பரம விரோதியின் பேரக் குழந்தைகள் அவர்கள். ஆயினும் துர்க்காதாஸர், அச்சிறுமிக்குக் குர்ஆன் கற்பிக்க அஜ்மீரிலிருந்து ஒரு முஸ்லிம் ஆசிரியையை வரவழைத்தார். பின்னர், இரு குழந்தைகளும் பாட்டனாரிடம் பத்திரமாகத் திருப்பி அனுப்பப்பெற்றனர். பேத்தி மறை கற்றிருப்பதைக் கண்ட கிழச் சக்கரவர்த்தியின் உள்ளமும் இளகியது. வாளால் வெல்ல முடியாத இடத்தில் பண்பு வென்றது.

1707-ல் ஔரங்கசீப் மறைந்தார். அஜித் சிங் ஜோத்பூரைக் கைப்பற்றினார். சிசுவாய்த் தாங்கிய கரங்களே அவரை அரசராக்கின. ஆனால் அரசருக்கும் முதியவருக்குமிடையே மனக்கசப்பு வளர்ந்தது. துர்க்காதாஸர் மார்வாரை விட்டு வெளியேறினார். படையும் புகழும் பெற்றிருந்த அவர், நினைத்திருந்தால் கலகம் விளைத்திருக்கலாம், அதைச் செய்தாரில்லை. 1718-ல், 80 வயதில், உஜ்ஜயினியில் க்ஷிப்ரா நதிக்கரையில் உயிர் நீத்தார். அவர் காத்த மண்ணில் அவருக்கு ஆறடி இடமும் கிடைக்கவில்லை. அஜித் சிங்கோ 1724-ல் சொந்த மகனாலேயே கொலையுண்டார்.

1949-ல் ஜோத்பூர் ராஜ்யம் ராஜஸ்தானத்தோடு இணைந்தது. ராதோர்களின் முடியாட்சி முடிந்தது. துர்க்காதாஸரின் நினைவு மண்டபமோ இன்றும் உஜ்ஜயினியில் நிற்கிறது. போர்க்காலத்தில் தொண்டரைத் தோளில் சுமந்து, வெற்றி கிட்டியதும் வாயிலுக்கு வெளியே நிறுத்துவது அரசுகளுக்கு இயல்பு. அப்பொழுதும் நாட்டுக்குத் தீங்கு எண்ணாதிருப்பதே தொண்டருக்கு அழகு. பொது வாழ்வில் இறங்குவோர் அம்முதியவரின் முதல் முப்பது வருஷப் போரைவிடக் கடைசிப் பத்து வருஷ மௌனத்தையே கூர்ந்து பயிலவேண்டும்.