மண்ணைப் படித்த அல்பர்ட் ஹொவார்ட்

2021ஆம் ஆண்டுக்குப் பிறகு சேதனப் பசளை என்ற சொல் எமது நாட்டில் கசந்துபோய்விட்டது. அந்த ஆண்டு மே மாதம் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டது. நவம்பரில் தடை தளர்த்தப்பட்டது. இடைப்பட்ட காலத்தில் நெல்லும் தேயிலையும் பட்ட பாட்டை யாரும் மறக்கவில்லை. கூட்டெரு பற்றிப் பாடம் எடுத்தால் விவசாயக் குடும்பத்துப் பிள்ளைகள் இன்று சிரிக்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. ஆனால் ஒரு கொள்கை தோற்றதற்காக, மண்ணுக்கும் நாம் உண்ணும் உணவின் தரத்துக்கும் உள்ள தொடர்பையே தூக்கி எறிந்துவிடலாமா? அந்தத் தொடர்பைத் தேடியே வாழ்நாளைச் செலவிட்ட ஒருவரைப் பற்றி எழுத இதுவே சரியான நேரம் என்று நினைக்கிறேன்.

அல்பர்ட் ஹொவார்ட் 1873இல் இங்கிலாந்தின் ஷ்ரொப்ஷயர் பகுதியில் ஒரு விவசாயியின் மகனாகப் பிறந்தார். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் படித்துவிட்டு, 1899இல் மேற்கிந்தியத் தீவுகளுக்குப் பயிர் நோய் ஆய்வாளராகச் சென்றார். அங்கே அவருக்கு ஒரு மனக்குறை. விவசாயிகளுக்கு ஆலோசனை சொல்ல வேண்டும். ஆனால் அந்த ஆலோசனையைத் தானே செய்து பார்க்க ஒரு துண்டு நிலம்கூட அவரிடம் இல்லை. ஆய்வுகூடத்துக்குள் அடைபட்ட அறிவு அவருக்குப் போதவில்லை.

1905இல் பிரித்தானிய இந்தியாவின் பீகாரிலுள்ள பூசா ஆராய்ச்சி நிலையத்தில் தாவரவியலாளராகப் பதவியேற்றார். அதே ஆண்டு கேப்ரியெல் மத்தாயைத் திருமணம் செய்தார். அவரும் கேம்பிரிட்ஜில் பயின்ற தாவர விஞ்ஞானி. இருவரும் சேர்ந்து உருவாக்கிய பூசா கோதுமை இனங்கள் வட இந்தியாவில் புகழ்பெற்றன. பூசாவில் ஹொவார்டுக்குச் சுமார் 75 ஏக்கர் நிலம் கிடைத்தது. அங்கே அவர் முதலில் செய்தது கற்பிப்பது அல்ல, கற்பது. சுற்றியிருந்த கிராமத்து விவசாயிகள் எப்படிப் பயிர் செய்கிறார்கள், எப்படிப் பருப்புப் பயிர்களைக் கலந்து விதைக்கிறார்கள் என்று கவனித்தார். அந்த விவசாயிகளையும் பயிரைத் தாக்கும் பூச்சிகளையுமே தன் ஆசான்களாகக் கருதினார். பூச்சி வருகிறது என்றால் மண்ணிலோ பயிர் செய்யும் முறையிலோ ஏதோ பிழை இருக்கிறது என்பது அவர் கண்ட முடிவு. ஆசிரியர் தொழிலில் இருக்கும் எனக்கு இந்தப் பணிவு மிகவும் பிடித்திருக்கிறது.

1924 முதல் 1931 வரை இந்தூரில் 300 ஏக்கர் பண்ணையொன்றை நடத்தினார். அங்கே பிறந்ததுதான் இந்தூர் கூட்டெரு முறை. பயிர்க் கழிவு ஏறக்குறைய மூன்று பங்கு, சாணம் ஒரு பங்கு. இவற்றோடு மாட்டுச் சிறுநீர் ஊறிய மண்ணும் விறகுச் சாம்பலும் சேர்த்து, ஆழமற்ற குழியில் அடுக்கடுக்காகப் போட்டு நீர் தெளிக்க வேண்டும். மூன்று தடவை புரட்டினால் மூன்று மாதத்தில் எரு தயார். பண்ணையில் வீணாகும் பொருளே இதற்குப் போதும். 1930இல் கேப்ரியெல் காலமானார். அடுத்த ஆண்டு அவர் இந்தியாவை விட்டுத் திரும்பினார்.

ஆனால் வேலையை அவர் விடவில்லை. 1937இன் இறுதியில் தொடங்கிய பயணத்தில் இந்தியாவினதும் எமது நாட்டினதும் தேயிலைத் தோட்டங்களைச் சுற்றிப் பார்த்தார். வேர்களோடு இணைந்து வாழும் நுண்ணிய பூஞ்சைகளில் அவருக்கு மிகுந்த ஈடுபாடு இருந்தது. மண்ணின் வளத்தைப் பயிருக்குக் கடத்தும் பாலம் அதுதான் என்று நம்பினார். அந்தப் பூஞ்சைகள் பொஸ்பரசையும் நாகத்தையும் வேருக்குக் கொண்டு சேர்ப்பதைப் பிற்கால விஞ்ஞானம் உறுதிப்படுத்தியிருக்கிறது. நாகம் குறைந்தால் பிள்ளைகளின் வளர்ச்சியும் நோய் எதிர்ப்புச் சக்தியும் குறையும்.

அதே காலத்தில் தமிழ்நாட்டின் குன்னூரில் ரொபர்ட் மெக்கரிசன் என்ற மருத்துவர் போசணை ஆய்வு செய்துகொண்டிருந்தார். கால்நடை எருவில் விளைந்த தானியம் இரசாயனப் பசளையில் விளைந்ததைவிடப் போசாக்கு மிக்கது என்பது 1926இல் அவருடைய சோதனை காட்டிய முடிவு. 1939இல் இங்கிலாந்தில் மருத்துவர்கள் கூட்டிய கூட்டமொன்றில் இருவரும் ஒரே மேடையில் பேசினார்கள். மண், பயிர், விலங்கு, மனிதன் ஆகிய நான்கின் ஆரோக்கியமும் ஒரே சங்கிலி என்பதே ஹொவார்டின் கொள்கை. 1940இல் வெளிவந்த அவரது விவசாய நூலும் இதையே வலியுறுத்துகிறது. 1947இல் அவர் மறைந்தார்.

அவர் சொன்ன எல்லாவற்றையும் நான் ஏற்கவில்லை. இரசாயனப் பசளையை அவர் முற்றாக எதிர்த்தார். ஆனால் பிற்கால ஆய்வுகள் சேதன உணவு எப்போதும் போசாக்கில் உயர்ந்தது என்று ஒரே குரலில் சொல்லவில்லை. பின்லாந்தில் மண்ணில் செலனியம் குறைவு. 1984 முதல் அங்கே இரசாயனப் பசளையிலேயே செலனியத்தைக் கலந்தார்கள், மக்களின் உணவில் அது உயர்ந்தது. துருக்கியின் கோதுமை வயல்களுக்கு நாகம் இட்டபோது விளைச்சலும் கூடியது, தானியத்தில் நாகமும் கூடியது. அந்நாடுகள் பசளைப் பையைக் கைவிடவில்லை. ஆனாலும் ஹொவார்டின் அடிப்படைக் கேள்வி அங்கேயும் சரியாகவே நிற்கிறது. மண்ணில் இல்லாதது தட்டுக்கு வராது.

எமது வயல்களை நினைத்துப் பாருங்கள். நெற்பயிர் உறிஞ்சும் பொட்டாசியத்தில் பெரும்பகுதி வைக்கோலில்தான் தங்குகிறது. அறுவடை முடிந்ததும் அந்த வைக்கோலுக்குத் தீ வைப்பதை ஒவ்வொரு போகத்திலும் காண்கிறேன். நைதரசனும் சேதனப் பொருளும் புகையாகப் போகின்றன. அடுத்த போகத்துக்கு யூரியாவைக் கடனுக்கு வாங்குகிறோம். ஹொவார்ட் இந்தூரில் இதற்கு நேர்மாறாகச் செய்தார்.

ஒரே இரவில் எல்லாவற்றையும் மாற்றச் சொல்வது விவசாயிக்குச் செய்யும் அநியாயம் என்பதை 2021 காட்டியது. ஒரு வயலின் வைக்கோலை எரிக்காமல் மூன்று மாதம் மக்க வைப்பதற்கு வர்த்தமானி தேவையில்லை. பாடசாலைத் தோட்டத்தில் ஒரு குழி போதும், பிள்ளைகள் தாமே பார்த்துத் தீர்மானிப்பார்கள். வாங்கும் பசளையைக் குறைக்கலாமா, எவ்வளவு குறைக்கலாம் என்பதை விவசாயத் திணைக்களத்தின் மண் பரிசோதனையோடு சேர்த்து முடிவு செய்யட்டும். பெற்றோரும் விவசாய அமைப்புகளும் பள்ளிவாசல் நிர்வாகங்களும் இந்தப் பெரும்போகத்துக்கு முன் இதைப் பற்றிக் கூடிப் பேசினால் நல்லது.