சகாய சங்கம் வளர்த்த வாக்கர் அம்மையார்

அமெரிக்க ஐக்கிய நாட்டில் விர்ஜீனியா மாகாணத்தின் தலைநகராகிய ரிச்மண்டு மாநகரில், 1864-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 15-ஆம் நாள், கறுப்பின மரபிற் பிறந்தவர் மேகி லீனா வாக்கர் அம்மையார். உள்நாட்டுப் போர் முடிவெய்தாத காலம் அது. அன்னையார் எலிசபெத்து அடிமையாயிருந்தவர். பின்னர் ஒரு செல்வர் மாளிகையின் அடுக்களையிற் பணிபுரிந்தவர். வளர்ப்புத் தந்தையார் நகரத்துப் பெரிய விடுதியொன்றில் பரிமாறுவோர்க்குத் தலைவராயிருந்தார். 1876-இல் அவர் ஆற்றில் பிணமாகக் கண்டெடுக்கப்பட்டார். அன்றுமுதல் அன்னையார் பிறர் வீட்டுத் துணிகளை வெளுத்துக் கொடுத்துப் பிள்ளைகளைக் காத்தார். துணிக் கூடைகளைச் சுமந்துசென்று வீடுதோறும் சேர்ப்பிப்பது சிறுமி மேகியின் கடனாயிற்று.

இங்கு அக்காலத்துச் சகாய சங்கங்களைப் பற்றிச் சிறிது கூறுதல் வேண்டும். விடுதலை பெற்ற கறுப்பின மக்களிடம் நிலமில்லை, முதலில்லை. பெரிய ஆயுள் இன்ஷ்யூரன்சுக் கம்பெனிகள் சில, வெள்ளையரிடம் வாங்கும் அதே சந்தாவை அவர்களிடமும் வாங்கி, இறந்தபோது குறைந்த தொகையே கொடுத்தன. ஆதலின் அவர்கள் தங்களுக்குள்ளேயே சங்கங்கள் கூட்டினர். மாதந்தோறும் சில காசுகள் செலுத்தினால், நோயுற்றபோது பார்த்துக்கொள்ள ஆளும், இறந்தபோது அடக்கச் செலவுக்குப் பணமும் கிடைக்கும். பால்டிமோர் நகரில் 1867-இல் மேரி பிரௌட்டு என்னும் மாதரசி தோற்றுவித்த புனித லூக்கா சங்கம் அத்தகையது. தொடக்கத்தில் மாதர்க்கென்றே அமைந்த அது பின்னர் ஆடவரையும் சேர்த்துக்கொண்டு ரிச்மண்டிலும் வேரூன்றிற்று. மேகி சிறு வயதிலேயே அதன் அங்கத்தினரானார்.

1883-இல் ஆசிரியப் பயிற்சி முடித்து அவர் பள்ளியிற் கற்பித்தார். 1886-இல் ஆர்ம்ஸ்டெட் வாக்கர் என்பவரை மணந்ததும், மணமான மாதர் கற்பித்தலாகாதென்ற அக்கால விதியால் வேலையைத் துறக்க நேர்ந்தது. பள்ளிக்கூடம் இழந்ததைச் சங்கம் பெற்றது என்றே எம்போன்ற உபாத்திமார் எண்ணுவோம். ஏனெனில் 1895-இல் சிறுவர்க்கென அவர் சங்கத்தில் ஏற்படுத்திய கிளை, சிக்கனம் கற்பிக்கும் ஒரு பள்ளியாகவே நடந்துவந்தது.

1899-இல் சங்கம் அழியும் நிலை எய்திற்று. நெடுநாள் காரியதரிசியாயிருந்தவர் இனி இது தேறாதென்று விலகிக்கொண்டார். பொக்கிஷத்தில் இருந்தது 31 டாலர் 61 சென்டு. கொடுக்கவேண்டிய கடன் 400 டாலர். அப்பொறுப்பை ஏற்ற அம்மையார் முன்னவர் பெற்றதனினும் மிகக் குறைந்த ஊதியமாக மாதம் 8 டாலருக்கு இசைந்தார். ஊரூராய்ச் சென்று உறங்கிய கிளைகளை எழுப்பினார். சந்தாவைத் தவறவிடுவோரும், கணக்குக் கேட்டால் முகஞ்சுளிப்போரும் எந்நாட்டுச் சங்கத்திலும் உளர். நம் சங்கத்தார் இதனை நன்கறிவர். அவர்களைப் பகைத்துக்கொள்ளாமல் கணக்கை ஒழுங்கிற்குக் கொணர்ந்ததே அம்மையாரின் முதல் வெற்றி.

அவர் மேலும் ஒன்று கண்டார். வெளுப்பவரும் சமைப்பவரும் காசு காசாகச் சேர்த்த சங்கப் பணம் வெள்ளையர் பாங்கிகளிற் கிடந்தது. அங்கிருந்து அது வெள்ளையர்க்கே கடனாயிற்று. சேர்த்தவர் வீடு கட்டக் கடன் கேட்டால் கதவு திறவாது. ஆகவே சங்கத்துக்குச் சொந்தப் பாங்கியும் பத்திரிகையும் கடையும் வேண்டுமென 1901-ஆம் ஆண்டு மகாநாட்டில் வற்புறுத்தினார். மறு ஆண்டே பத்திரிகை வெளிவந்தது. நகரத்து வெள்ளையர் பாங்கியொன்றில் நாள்தோறும் சில நாழிகை அமர்ந்து தொழில் பழகிய பின்னர், 1903 நவம்பர் 2-ஆம் நாள் புனித லூக்கா சிறுசேமிப்புப் பாங்கியைத் திறந்தார். முதல் நாளே ஒன்பதாயிரம் டாலருக்கு மேல் வந்து குவிந்தது. பிள்ளைகளுக்கு அட்டைப் பெட்டிகள் கொடுத்து, செப்புக் காசு நூறு சேர்ந்ததும் தம் பெயரிலேயே கணக்குத் திறக்கச் செய்தார்.

கடை மட்டும் நிலைக்கவில்லை. 1905-இல் தொடங்கிய அப்பெரிய கடையைத் தொலைக்க வெள்ளை வணிகர் ஒன்றுகூடினர்; மொத்தச் சரக்கு கொடாதபடி தடுக்கவும் முயன்றனர். அதனினும் வருந்தத்தக்கது, நம்மவர் கடை என்று வாயாரப் புகழ்ந்தோர் பலர் அக்கடையைக் கடந்துபோய் அயலார் கடையிலேயே வாங்கியமை. ஏழாண்டுக்குள் அது மூடப்பட்டது.

1910-இல் பெரியதொரு சோதனை நேர்ந்தது. அதே நகரில், இவர்கள் சங்கத்தினும் புகழ்வாய்ந்த மெய்ச் சீர்திருத்தக்காரர் சங்கத்தின் பாங்கி, ஈடில்லாக் கடன்களாலும் கையாடலாலும் வீழ்ந்தது. ஏழை மக்கள் பலர் சேமிப்பை இழந்தனர். அரசாங்கமோ சங்கமும் பாங்கியும் வெவ்வேறாகப் பிரிந்தே நிற்றல் வேண்டுமென விதித்தது. தாம் இணைத்து வளர்த்த இரண்டையும் அம்மையார் தம் கையாலேயே பிரித்தார். கணக்குகள் செவ்வையாயிருந்தமையின் பாங்கி தப்பியது. 1920-க்குள் அதன் உதவியால் கறுப்பினக் குடும்பங்கள் 600-க்கு மேற்பட்ட வீடுகளைச் சொந்தமாக்கிக்கொண்டன.

இல்லறத்திலோ பெருந்துயர். 1915-இல் மூத்த மைந்தர் தந்தையைத் திருடனென்று மயங்கிச் சுட்டுவிட, கணவர் மாண்டார். மைந்தர் மீது கொலை வழக்கு நடந்து, குற்றமற்றவரென விடுவிக்கப்பட்டார். அதனைச் சாக்காக்கி அம்மையாரைப் பதவியினின்று நீக்க முயன்றோரும் சங்கத்திலேயே இருந்தனர். அவர் நிலைபெயரவில்லை. 1925-ஐ ஒட்டிய ஆண்டுகளில் 24 மாகாணங்களில் அங்கத்தினர் ஏறத்தாழ ஒரு லட்சம் பேராயினர். முழங்காற் பிணி முற்றி, 1928-இலிருந்து சக்கர நாற்காலியில் அமர்ந்தே அலுவல் நடத்தினார். பொருளாதார மந்தம் வந்தபோது தம் பாங்கியைக் கறுப்பினத்தார் நடத்திய வேறு பாங்கிகளுடன் இணைத்துக் காத்தார்.

1934 டிசம்பர் 15-ஆம் நாள் அவர் ஆவி பிரிந்தது. இணைந்த அப்பாங்கி 2005 வரை கறுப்பினத்தார் உடைமையாகவே நின்றது. சங்கம் பிற்காலத்தில் தேய்ந்து மறைந்தது. அதன் பழைய மண்டபத்தின் மேல்மாடத்தில், 2009-இல், கல்லூரி ஆராய்ச்சியாளர் ஆயிரக்கணக்கான காகிதங்களைத் தூசி தட்டி எடுத்தனர். அவை அச்சங்கத்தின் பழைய கடிதங்களும் ஆவணங்களும்.