அட்ரியன் பிலிப்
அட்ரியன் பிலிப் (ஏப்ரல் 16, 1815 – சனவரி 5, 1894) பிரான்சில் பிறந்த கடிகார வல்லுநர் ஆவார். இவரது இளமைக்காலத்தில் சட்டைப்பைக் கடிகாரத்தை முடுக்கத் தனிச் சாவி தேவைப்பட்டது. சாவி தொலைவதுண்டு, அதன் துளை வழியே தூசியும் புகும். 1842-இல் இவர், கடிகாரத்தின் திருகாலேயே முடுக்கும் பொறியமைப்பை உருவாக்கினார். 1844 பாரிசு கண்காட்சியில் இவரைச் சந்தித்த போலந்து நாட்டவரான அன்டோனி பட்டேக், தமது செனீவா தொழிலகத்தில் சேர்த்துக்கொண்டார். நிறுவனம் 1851 முதல் பட்டேக் பிலிப் எனப் பெயர்பெற்றது. சாவி மறைந்த பின்னும் தமிழில் கடிகாரத்திற்குச் சாவி கொடுப்பது என்றே வழங்குகிறது.

1863-இல் இவர் வழுக்கும் சுருள்வில்லுக்குக் காப்புரிமை பெற்றார். வில் முழுதும் இறுகியதும் அதன் வெளிமுனை உருளைச் சுவரில் வழுக்குவதால் மிகைமுடுக்கம் நேராது. பிற்காலத் தானியங்கிக் கைக்கடிகாரங்கள் இம்முறையையே மேற்கொண்டன. எச்எம்டி ஜனதா போன்ற, கையால் முடுக்கும் கடிகாரங்களில் வில்லின் முனை வழுக்காது. திருகு தடைப்பட்டதும் நிறுத்தாமல் வலிந்து திருப்பினால் வில்லோ பற்சக்கரமோ சேதமடையும்.